மெழுகுக் குழாயில் அப்பா

எங்கள் அம்மாவுக்கு ஓடாத மெஷின் எதைப் பார்த்தாலும் கை ஊறும். தையல் மெஷின், சுவர்க் கடிகாரம், பக்கத்து வீட்டு மிக்ஸி, எதையும் விடமாட்டார். தாயில்பட்டியில் எது ரிப்பேர் ஆனாலும், "அருணாதேவிகிட்ட கொடு" என்றுதான் சொல்வார்கள்.

நான்கு மாதத்துக்கு முன் விருதுநகர் பழைய சாமான் கடையிலிருந்து அம்மா ஒரு போனோகிராப் பெட்டியைக் கொண்டுவந்தார். நூறு வயதைத் தாண்டிய இயந்திரம். இசைத்தட்டுக்குப் பதிலாக அதில் டம்ளர் அளவுக்கு ஒரு மெழுகு உருளை. சாவி கொடுத்தால் உருளை சுற்றும். அதன்மேல் ஊசி ஊர்ந்து போகும்போது புனல் வழியாகச் சத்தம் வரும். கரண்டே வேண்டாம்.

வந்தபோது துருப்பிடித்து அசையாமல் கிடந்தது. அம்மா சுருள்வில்லை மாற்றினார், பல்சக்கரங்களைத் தேய்த்தார், புனலுக்குப் புதுத் தகரம் வெட்டினார். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். என்றோ யாரோ வாசித்த நாதஸ்வரம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் கண்காட்சி. அம்மாவே வந்து இயக்கிக் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார். நான் பெரிய சார்ட் ஒன்று எழுதி வைத்திருந்தேன்.

ஞாயிறு மதியம் பார்த்தால் உருளையைக் காணவில்லை.

"மாடியில இருக்கு," என்றார் அப்பா. "வெள்ளையா பூசணம் பூத்திருந்துச்சு. ஈரமா இருக்கும்னு காலையிலயே வெயில்ல காயப் போட்டேன்."

அப்பா பாண்டிச்செல்வம் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பவர். எங்கள் ஊரில் எது நனைந்தாலும் வைத்தியம் வெயில்தான். குழாயோ, வத்தலோ, என் நோட்டுப் புத்தகமோ, எல்லாம் மாடிக்குப் போய்விடும்.

அங்கே காய்ந்துகொண்டிருந்த குழாய்களுக்கு நடுவே, உருளை வளைந்து வெடித்துக் கிடந்தது.

அம்மா அதை இரண்டு கையாலும் எடுத்தார். "மெழுகையா வெயில்ல வச்சீக?" என்று மட்டும் கேட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, எம். புதுப்பட்டிக்கு ஒரு தையல் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவை நினைத்தால் எனக்கு அழுகை வந்தது. அப்பாவைப் பார்த்தால் இன்னும் அதிகமாக வந்தது.

வீட்டுக்குள் போனேன். சுவரில் என் சார்ட். '1877: எடிசன் வெள்ளீயத் தாளில் குரலைப் பதித்தார். அடுத்து வந்தவர்கள் அட்டைக் குழாயின் மேல் மெழுகு பூசிப் பதித்தார்கள். அதன் பிறகே முழு மெழுகு உருளை வந்தது.'

எழுதியது நான்தான். ஆனால் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். உடனே மாடிப்படிக்கு ஓடினேன்.

"அப்பா, இந்த மெஷினுக்கு ஒரு குழாய் சுத்தித் தருவீகளா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, உருளை மாட்டும் தண்டைத் தடவிப் பார்த்தார். "ஒரு முனை அரை நூல் சிறுத்திருக்கு. சுத்திரலாம். மெழுகுக்கு எங்கன போக?"

"தீப்பெட்டிக் கம்பெனியில குச்சி முக்குவாகள்ல, அந்த மெழுகு?"

அப்பா எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டி மெழுகோடு வந்தார். ஒரு குழாய் கேட்டேன், பன்னிரண்டு சுற்றினார்.

"ஒண்ணு போதும்ப்பா."

"ஒண்ணே ஒண்ணு சுத்த எனக்குக் கை வராதும்மா."

குழாய்கள் வெயிலில் காய்ந்தன. அப்பா வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெழுகை உருக்கினார். குழாயை முக்கி, ஆறவிட்டு, மறுபடி முக்கி, வழவழப்பாகச் சீவினார். அம்மா வேலை செய்வதை நான்கு மாதம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். பெட்டியோடு வந்திருந்த, குரலைப் பதிக்கும் ஊசியை எடுத்து மாட்டினேன்.

"பேசுங்கப்பா."

"நானா? என்னத்தப் பேச?"

"அம்மாவப் பத்தி. அவுக முன்னால சொல்ல மாட்டீக. புனல்கிட்ட சொல்லுங்க."

முதல் குழாயில், "ஏ வேல்விழி, ஓடுதா? ஆரம்பிச்சிருச்சா?" என்பது மட்டும் பதிந்தது. இரண்டாவதில் எல்லாமே பதிந்தது.

சாயங்காலம் அம்மா வந்ததும், "போட ஒண்ணு இருக்கும்மா, நாளைக்குத்தான் கேக்கணும்," என்றேன். அம்மா குழாயை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்தார்.

மறுநாள் கூடம் நிறையப் பிள்ளைகள். அம்மா சாவி கொடுத்து ஊசியை இறக்கினார். கொஞ்ச நேரம் கரகரவென்றது. பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"தாயில்பட்டி பாண்டிச்செல்வம் பேசுறேன். இந்த மெஷினு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. இதப் பேச வச்சது எங்க வீட்டம்மா அருணாதேவி. அம்புட்டுத் திறமை. எனக்கு ரொம்பப் பெருமை. இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல."

அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். குழாய் எங்கள் வீட்டில் சுற்றியது, மெழுகு தீப்பெட்டிக் கம்பெனியில் வாங்கியது என்று நான் சொன்னதும், கைதட்டல் அடங்கவே இல்லை.

"இன்னொரு தடவை போடுங்களேன்," என்றார் தலைமையாசிரியை.

அம்மா ஊசியைத் தூக்கிவிட்டார். "மெழுகு தேஞ்சிரும் டீச்சர்," என்றவர், கடைசி வரிசைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற அப்பாவைக் காட்டினார். "அந்தா ஆளே நிக்காக. அவுககிட்டயே கேட்டுக்கோங்க."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். 'தாயில்பட்டி பாண்டிச்செல்வம்' என்று தொடங்கி, ஒரு வார்த்தை விடாமல் அத்தனையும் சொன்னார், மெஷினைவிடச் சத்தமாக.