கட்டைவிரல் மறைத்த வெட்டு

ஓடுகிற ரயிலில், எதிர்ச்சுவரில் விழுந்த சாவியின் நிழலை மட்டும் பார்த்து, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் நகல் சாவி ராவிக் கொடுத்தவர் பூட்டு மாமா. இதை அவரே சொன்னார். திருட்டுப் போன வீட்டு வாசலில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"அப்படியே ரயிலையும் பூட்டிட்டு இறங்கியிருப்பீங்களே?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "கீழ்வீட்டுக்காரர்தானே? கீழே போங்க பெரியவரே."

மாமா நகரவில்லை. முப்பத்தெட்டு வருடம் பூட்டு ஆலையில் சோதனையாளர். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவர் கை ஊறிக்கொண்டே இருந்தது.

காலை 9.10. கடலோரத்தில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிய மேல்வீட்டுத் தம்பதி கதவைத் திறந்தார்கள். பூட்டில் கீறல் இல்லை. ஜன்னல்கள் உள்தாழிட்டபடி. நகைப்பெட்டி மட்டும் மாயம்.

9.50. மாற்றுச்சாவி வைத்திருந்தது வீட்டுவேலை செய்யும் அக்கா ஒருத்திதான். வாசலில் இருந்த செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு புதுச் சாவியும் கிடைத்திருந்தது.

"நகல் எடுத்தது நீதானே?"

"இல்லம்மா."

"பின்னே யாரு?"

"சத்தியமா தெரியாதும்மா." வாசலில் ஜீப் காத்திருந்தது.

"அந்தச் சாவியைப் போட்டுப் பாத்தீங்களா?" என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் முறைத்தபடி கையுறை மாட்டிச் சாவியைப் போட்டார். நுழைந்தது, திரும்பவில்லை.

"அஞ்சு வெட்டு இருக்கணும். நாலாவது இல்லை. அசல் சாவியையே கையில வச்சிருக்கிறவ ஏன் ஒரு வெட்டை விடப்போறா? இதைச் செஞ்சவன் அசலைத் தொட்டதே இல்லை." மாமா மேல்வீட்டுப் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, புது வீட்டுச் சாவியோட படம் எடுத்துப் போட்டியா?"

அவள் தயங்கித் தயங்கி போனை நீட்டினாள். 'எங்கள் சொந்த வீடு!' சிரித்த முகம், தூக்கிப் பிடித்த சாவி, தொங்கும் பித்தளைக் குருவி. அவள் கட்டைவிரல் சரியாக நாலாவது வெட்டை மறைத்திருந்தது.

"இதை முந்நூறு பேர் பாத்திருக்காங்க," என்றான் இன்ஸ்பெக்டருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த அவளுடைய அத்தை மகன். கோப்பைகளிலும் கேடயங்களிலும் பெயர் பொறிக்கும் கடை வைத்திருப்பவன். "முந்நூறு பேரையும் புடிப்பீங்களா மாமா?"

"எதுக்கு மாப்ளே? இதை வச்சுச் செஞ்சவன் கதவைத் திறக்கமுடியாமத் தோத்துட்டான். ரெண்டாவது படம் தேவைப்பட்டிருக்கு." மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கீழே இருந்த பதில்களைப் படித்தார். வாழ்த்துகளுக்கு நடுவே, பயணத்தின் இரண்டாம் நாளில் ஒன்று: 'குருவி ரொம்ப அழகு! சாவிக்கொத்தோட கிட்டத்துல படம் எடுத்து அனுப்பு, அதே மாதிரி செஞ்சு தர்றேன்.'

"அனுப்பினியாம்மா?"

"அத்தானுக்கு மட்டும்… தனியா." சொல்லி முடிக்கும்போதே அவள் அத்தை மகன் பக்கம் திரும்பினாள்.

"படத்தைப் பாத்து எவனாவது சாவி செய்ய முடியுமா?" அத்தை மகன் சிரித்தான். இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார்.

10.35. மாமா அரத்தோடும் வெட்டாத சாவி ஒன்றோடும் படியில் உட்கார்ந்தார். முழங்காலில் போன், அதில் அந்த இரண்டாவது படம். 10.46க்கு எழுந்து, சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார்.

க்ளிக்.

அத்தை மகனின் கையிலிருந்த தேநீர்த் தட்டு தரையில் விழுந்தது.

பிற்பகல் 2.15. அவன் கடையில், பெயர் பொறிக்காத கோப்பைகளுக்குப் பின்னால் இருந்த நகைப்பெட்டியோடு இன்ஸ்பெக்டர் திரும்பிவந்தார். முதலில் வேலைக்கார அக்காவிடம், "மன்னிச்சுக்கோங்க," என்றார். பிறகு படியிறங்கி மாமாவின் கதவைத் தட்டினார்.

"அந்த ரயில் விஷயம்…"

"நம்பமாட்டீங்களே?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"நடந்திருக்கு மாமா. அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ளதான் நடந்திருக்கு."