முதுகைக் காட்டி நிற்கும் நாற்பத்தொன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்பத்தொன்றின் முதுகில் ஒரு கீறல் இருந்தது.

இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சண்டை விளையாட்டில் ஒரு ஆட்டத்தில் வாங்கிய அடி அடுத்த ஆட்டத்துக்கு வராது. எலும்பு நொறுங்க அடிவாங்கிய பொம்மைகூட அடுத்த முறை புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கும். பிரேம்குமார் இதை ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பார்த்தவன். அதனால்தான் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல், முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். இடது தோளிலிருந்து விலா வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு. முள்கம்பியில் உரசின கீறல். ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவனுக்கு முள்கம்பிக் கீறல் தெரியாதா என்ன?

பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடித்தவன்தான். ஆனால் படிப்பு ஒரு பக்கம் இழுக்க, வயிறு ஒரு பக்கம் இழுக்க, ஒரு ஷூ கம்பெனியின் தோல் குடோனில் செலக்‌ஷன் மேசையில் வந்து நின்றுவிட்டான். கணக்கு ஆசை மட்டும் போகவில்லை. அதற்குத் தீனி போட்டது இன்டர்நெட்டில் ஒரு சேனல். அதில் ராப்பகலாகக் கம்ப்யூட்டரே கம்ப்யூட்டரோடு மோதும். எந்த மனிதனும் பட்டனைத் தொடுவதில்லை. பார்க்கிறவர்கள் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டலாம். பைசா கிடையாது, வெறும் புள்ளிகள்தான். கூட்டம் உருவத்தைப் பார்த்துக் கட்டும். மலை மாதிரி ஒருவன் வந்தால் அவன் மேல் கொட்டும். பிரேம் அப்படியில்லை. யார் யாரிடம் தோற்றான், எப்படித் தோற்றான் என்று எல்லா ஆட்டத்தையும் சேகரிக்கிற ஒரு புரோகிராம் எழுதினான். புதிதாக வருகிறவனைச் சராசரி என்று வைத்துக்கொண்டு, ஆட ஆட அவன் மதிப்பை ஏற்றி இறக்கும். பிறகு தானே பந்தயமும் கட்டும். அது பெரும்பாலும் தப்புவதில்லை.

அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஒரு கம்பெனி திங்கட்கிழமை காலையில் நேரில் வரச் சொல்லியிருந்தது. ராத்திரி ரயில். தீபலட்சுமியும் கூட வருகிறாள், அக்கா வீட்டில் தங்கல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்தத் தோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டே, "எப்டியாவது இங்கருந்து கூட்டினு போய்டு" என்று சொன்னாள். அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

புரோகிராம் ஓடுவது குடோன் கம்ப்யூட்டரில். கடைசி நிலவரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று மத்தியானம் வந்தான். ஒரு தடவை திருட்டுப் போனதிலிருந்து லீவு நாளில் உள்ளே ஆள் இருந்தாலும் ஷட்டருக்கு வெளியே பூட்டு விழும். சாவி வாட்ச்மேன் ஜான் பாஷாவிடம். வேலை முடிந்து போன் போட்டால் வந்து திறப்பார். இது வழக்கம்தான், யாரும் பயந்ததில்லை.

நாற்பத்தொன்று என்று அந்தப் பொம்மைக்குப் பெயர் வைத்ததே இவன்தான். அதிகப் புள்ளி சேர்த்தவர்கள், பெயரில்லாமல் வந்து கிடக்கிற பொம்மைக்குப் பெயர் வைக்கலாம் என்று அந்தச் சேனலில் ஒரு சலுகை. போன வாரம் இவனுக்கு வாய்ப்பு வந்தது. பெயர் கேட்ட கட்டத்தில் யோசிக்காமல் 41 என்று அடித்துவிட்டான். செலக்‌ஷன் மேசையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர் உண்டு. பார்த்து முடித்த தோலின் வால் மூலையில் அச்சை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு; நம்பர் ஓட்டை ஓட்டையாக விழும். டக். இவன் நம்பர் நாற்பத்தொன்று. வருஷக்கணக்காகத் தட்டின கை, பெயரில்லாத ஒன்றைப் பார்த்ததும் தன் நம்பரைப் போட்டுவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

ஏனென்றால் அந்த நம்பருக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்கினவன் மால் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், அது எந்த ஊருக்குப் போய் வந்திருந்தாலும் சரி, நம்பர் போட்டவன் மேசைக்குத்தான் திரும்பி வரும். இன்னொருவன் தொடமாட்டான். நம்பர் போட்டவன் தலையில்தான் விடியும்.

நாற்பத்தொன்று ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சண்டைக்கு முன்னால் மற்றதெல்லாம் குதிக்கும், தோளைக் குலுக்கும், முஷ்டியை மடக்கும். இது மட்டும் பார்ப்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். மணி அடித்த பிறகும் அப்படியே. எதிராளி வந்து அடிப்பான், விழும். புரோகிராம் இரண்டு மூன்று ஆட்டத்திலேயே புரிந்துகொண்டு, நாற்பத்தொன்று வரும்போதெல்லாம் இருக்கிற புள்ளி அத்தனையையும் எதிர்ப்பக்கம் கட்டியது. அது அடிவாங்க வாங்க, இவன் புள்ளிகளைக் காட்டும் வரைபடக் கோடு மேலே ஏறியது. பெங்களூரில் காட்டப்போவது அந்தக் கோட்டைத்தான். பாவமாக இல்லையா என்றால், பொம்மைக்கு என்ன பாவம் என்றுதான் அவனும் நினைத்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் தெருவே காணாமல் போனது. நாற்பத்தொன்று மறுபடியும் வந்தது. இப்போது முதுகில் கீறலோடு, உண்ணி கடித்த மாதிரி புள்ளி புள்ளியாகக் காயங்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் இடுப்புக்கு மேலே சூடு போட்ட தழும்பு. முந்தின ஆட்டத்தில் எதிராளி நெருப்பால் அடித்த அதே இடம். பிரேம் டீயை ஓரமாக வைத்தான். எவனோ விளையாடுகிறான், படத்தை மாற்றி மாற்றிப் போடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாதிக் கோப்பு பென்டிரைவில் ஏறியிருந்தது. மீதி ஏறினதும் கிளம்பிவிடலாம்.

அப்போதுதான் அந்த வாடை. உப்புப் போட்ட பச்சைத் தோல், சுண்ணாம்புத் தொட்டி, அழுகின சதை எல்லாம் கலந்த வாடை. தோல் பதனிடும் டேனரி வாசலில் அடித்தால் மூக்கைக்கூடச் சுளிக்கமாட்டான். ஆனால் இந்தக் குடோனுக்கு வருவது பதப்படுத்திச் சாயம் ஏற்றி முடித்த தோல். இங்கே பச்சைத் தோல் வந்ததே கிடையாது. வாடை, அடுக்கி வைத்த தோல்களுக்கு நடுவே போகும் நீளமான வழியிலிருந்து வந்தது.

பிறகு ஒரு சத்தம்.

டக்.

அச்சின் மேல் சுத்தி விழுகிற சத்தம். பிரேம் தன் மேசையைப் பார்த்தான். அச்சும் சுத்தியும் வைத்த இடத்திலேயே இருந்தன. வழியின் அந்தக் கோடி இருட்டாக இருந்தது. "யாரு?" என்றான்.

கரண்ட் போனது. யூபிஎஸ் கீங் கீங் என்று கத்த, திரை மட்டும் எரிந்தது. ஜான் பாஷாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கதவுப் பக்கம் போய் ஆணியில் மாட்டிய தன் மழைக்கோட்டை எடுக்கக் கை நீட்டினான். ஆணி இருந்தது. பழுப்புக் கோட்டு இல்லை. ஈரமான எதையோ இழுத்துக்கொண்டு போன மாதிரி தரையில் ஒரு தடம் ஷட்டர் வரைக்கும் போயிருந்தது. ஷட்டர் அசையவில்லை.

மழையை மீறி வெளியே பேச்சுக்குரல். பிரேம் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேலே இருந்த காற்றுச் சந்தில் கண்ணை வைத்தான். கேட்டில் தொங்கிய பேட்டரி விளக்கின் அடியில் ஜான் பாஷா குடையோடு நின்றார். அவரைத் தாண்டி, பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் மழையில் தெருவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

"இன்னா தம்பி, வேல ஆய்ட்ச்சா?" ஜான் பாஷா சத்தமாகக் கேட்டார். "சாவி எங்கிட்டல்ல இருக்குது, நீ எப்டி வந்த?"

அவன் நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிரேம் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். தகரத்தைக் கையால் அறைந்தான். கூப்பிடு தூரத்தில் நின்ற மனிதர் தலையைக்கூடத் தூக்கவில்லை. கேட்டைச் சாத்தினார், பூட்டினார், மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது போல, மசூதிப் பக்கம் வேகமாகப் போய்விட்டார்.

கோட்டுப் போட்டவன் திரும்பின தெருமுனை பிரேமின் வீட்டுக்குப் போகிற வழி. நடந்தால் இரண்டே நிமிஷம்.

தீபாவுக்குப் போன் போட்டான். இரண்டு தடவை அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். எடுத்தவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஜான் பாய், நீங்களா? அவரு போன அங்கயே உட்டுட்டு வந்துட்டாரு போல."

"தீபா, நான்தான். வீட்டவிட்டு வெளிய போ. அது நான் இல்ல."

"அலோ? பாய்? ஒண்ணும் கேக்கல. யாரோ பட்டன் அமுக்கற மாதிரி டக் டக்னு சத்தந்தான் வருது." குரலை இன்னும் தாழ்த்தினாள். "பாய், ஆபீஸ்ல எதாவது ஆய்ட்ச்சா? வந்ததுல இருந்து சொவத்த பாத்துக்கினே நிக்கறாரு. மொகத்த காட்ட மாட்டேங்கறாரு. ரயிலுக்கு நேரமாவுதுன்னா கூட திரும்ப மாட்டேங்கறாரு."

அவன் அலறினான். அவளுக்கு டக் டக் என்றுதான் கேட்டிருக்கும். பயந்துபோய் வைத்துவிட்டாள். மறுபடி போட்டபோது சிக்னல் இல்லை.

ஐயோ, அவள் யாரோடு ரயில் ஏறப்போகிறாள்?

ஷட்டரை உதைத்தான். தோளால் இடித்தான். சுத்தியை எடுத்துப் பூட்டு இருக்கும் இடத்தில் அடித்தான். இரும்பில் கீறல்கூட விழவில்லை. மூச்சு வாங்க மேசைக்குத் திரும்பினான்.

திரையில் அடுத்த ஆட்டத்துக்கு மேடை வந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் கோட்டை வரும், கடற்கரை வரும், ஏதோ ஊரின் சந்து வரும். இப்போது வந்தது ஒரு குடோன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தோல் அடுக்கு. நடுவே நீளமான வழி. ஒரு மேசை. மேசையில் எரிகிற ஒரு திரை.

திரையின் முன்னால் நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவன். பார்ப்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தலைக்கு மேல் 41 என்று இருந்தது.

பிரேம் குனிந்து தன் நீலக் கட்டச் சட்டையைப் பார்த்தான். திரையில் இருந்தவனும் குனிந்தான். வலது கையைத் தூக்கினான். அவனும் தூக்கினான். இடுப்பில், வால் எலும்புக்கு மேலே, எரிந்தது. கையை விட்டுத் தடவினான். சின்னச் சின்ன ஓட்டைகள். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. அந்த இரண்டு இலக்கத்தை அவன் விரல் நன்றாகவே அறியும்.

மால் திரும்பி வந்துவிட்டது. அவன் மேசைக்கே.

எதிராளி பெயர் வந்தது. இவனே முதல் தரம் என்று மதிப்புப் போட்டு வைத்த ஒருவன். ஒரு ஆட்டமும் தோற்காதவன். பார்க்கிற கூட்டம் சிரித்துக்கொண்டே பந்தயம் கட்ட ஆரம்பித்தது. திரைக்குள் இருந்த குடோனில், வழியின் அந்தக் கோடியில், இருட்டு அசைந்தது.

இந்தக் குடோனிலும் தரை அதிர்ந்தது.

ஓடலாம். எங்கே? திரும்பிப் பார்க்கலாம். பின்னால் கும்மிருட்டு. திரை வெளிச்சம் மேசையைத் தாண்டாது. திரும்பினால் ஒன்றும் தெரியாது. திரையில் மட்டும்தான் தெரிகிறது. அது எவ்வளவு உயரம். எங்கே கால் வைக்கிறது. இன்னும் எத்தனை அடுக்கு தாண்டவேண்டும்.

அப்போதுதான் விளங்கியது. நாற்பத்தொன்று சண்டை போட மறுத்து நின்றதில்லை. எப்போதும் எதையோ பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் வருவதைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றது.

பிரேம் திரும்பவில்லை.

பச்சைத் தோல் வாடை. பிடரியில் சூடான மூச்சு.

திரையின் மூலையில் அவன் எழுதிய புரோகிராம் விழித்துக்கொண்டது. இரண்டு பெயரையும் படித்தது. எப்போதும்போல ஒரு நொடி கணக்குப் போட்டது. பிறகு அவனிடம் இருந்த புள்ளி அத்தனையையும் எடுத்து எதிர்ப்பக்கம் கட்டியது.