மூத்தவர் கையில் நாடிப்பிடி

கிருத்திகாவின் நாடி ஒரு கணம் தடுமாறியது. சுவர்த்திரையில் சூ லானின் கையிலிருந்த குடை நழுவி மழையில் விழுந்தது.

"பாத்தீங்களாம்மா? உங்களுக்குப் படபடப்பு வந்தா அவளுக்குக் கை நடுங்குது" என்று சிரித்தான் ஆதவன்.

"சும்மா இரு கண்ணு. பேசறது காதுல விழ மாட்டேங்குது" என்றாள் அவன் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோயம்புத்தூரில் அந்த ஆண்டு வீட்டுக்கு வீடு ஓடியது இந்தச் சீனத் தொடர்தான். பாலம் கட்டும் நிறுவனத்தின் தலைவி சூ லானுக்கு வயது நாற்பத்தேழு. அவளிடம் நில அளவையாளனாகச் சேர்ந்த வெய் மிங்குக்கு முப்பத்து மூன்று. இருவருக்கும் காதல். நடித்தவர்கள் என்று யாரும் இல்லை. இயந்திரமே வரைந்து, இயந்திரமே தமிழில் பேச வைத்தது. சீனாவிலிருந்து வந்தது கதையின் எலும்பு மட்டும்தான். சதையைக் கொடுத்தது பார்ப்பவரின் மனம்.

அதற்குத்தான் நாடிப்பிடி. வெண்டைக்காய் நீளத்தில் ஒரு சிறு கோல். அதைப் பிடித்துக்கொண்டு தொடரைப் பார்த்தால், நாடித்துடிப்பையும் உள்ளங்கை வியர்வையையும் விரல் சூட்டையும் படித்து, பிடித்தவர் உள்ளுக்குள் எதை விரும்புகிறாரோ அந்தப் பக்கம் கதையை மெல்லத் திருப்பும். வாய் சொல்வதை அது கேட்காது.

சீனாவில் ஆளுக்கொரு நாடிப்பிடி, ஆளுக்கொரு சிறுதிரை. அவரவர் கதையை அவரவர் தனியாகப் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று வாங்கினார்கள். வாங்கியதை மரியாதையாக வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவருடைய அந்தரங்கத்தைக் குடும்பமே கூடிப் பார்க்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, பாவம். எதிர்வீட்டுப் பெரியவர் பிடித்ததில் வெய் மிங் மலையேறித் துறவியாகிவிட்டான். அந்த வீட்டுப் பெண்கள் வாரக்கணக்கில் வெறும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதவன் இந்தத் தொடரை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அவனுக்கு முப்பத்தொன்று. அவன் கட்டிக்கொள்ள நினைத்த யாழினிக்கு நாற்பத்தைந்து. அதே குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவள். விஷயத்தைச் சொன்ன அன்று கிருத்திகா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எனக்கும் அவளுக்கும் பதினோரு வருசந்தான் வித்தியாசம். அவளைப் போய் மருமகள்னு எப்பிடிடா கூப்புடறது?"

அம்மா சம்மதிக்காமல் தாலி கட்டமாட்டேன் என்றான் ஆதவன். அந்தச் சம்மதம் இல்லாமல் கட்டிக்கொள்ள எனக்கும் மனமில்லை என்றாள் யாழினி. பேச்சு அங்கேயே நின்றது.

சுவரில் நடந்ததோ வேறு. கிருத்திகாவின் கையில் சூ லானும் வெய் மிங்கும் பகுதிக்குப் பகுதி நெருங்கிக்கொண்டே வந்தார்கள். ஊர் சிரித்தது, அவர்கள் பிரியவில்லை. உறவினர் வந்து மிரட்டினார்கள், கதவு சாத்தப்பட்டது. வாய்தான் வேண்டாம் என்கிறது, மனசு ஒத்துக்கொண்டுவிட்டது என்று ஆதவன் பூரித்துப் போனான். அம்மாவின் மனமே சுவரில் அந்தக் கல்யாணத்தை நடத்திவிட்டால், பிறகு எந்த வாயால் மறுப்பாள்? அதனால்தான் கடைசிப் பகுதியன்று யாழினியையும் அழைத்து வந்திருந்தான்.

"வாங்க... வா அம்மிணி" என்று பன்மையில் தொடங்கி ஒருமையில் முடித்தாள் கிருத்திகா.

"நல்லா இருக்கீங்ளா அக்... அத்தை?"

"அக்கான்னே சொல்லு. அத்தைன்னா எனக்கு இன்னும் பத்து வயசு கூடிப்போகுது."

அந்தச் சிரிப்போடு உட்கார்ந்தவர்கள்தான் மூவரும். இப்போது திரையில் மழை கொட்டுகிறது. கட்டி முடித்த பாலத்தின் ஒரு முனையில் சூ லான், மறுமுனையில் வெய் மிங் முதுகைக் காட்டியபடி.

கடைசிப் பகுதியில் ஒரு புதுமை வைத்திருப்பதாகத் தொடரைத் தயாரித்தவர்கள் அறிவித்திருந்தார்கள். என்ன புதுமை என்று சொல்லவில்லை.

வெய் மிங் திரும்பினான். அந்த முகம் மழையில் கரைவதுபோல் மாறத் தொடங்கியது. வெளுப்பு மங்கி மாநிறமானது. மீசை அரும்பியது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடியது.

"அவசரமில்லீங்க. மெதுவா வாங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றான் அவன், சுத்தமான கோவைத் தமிழில்.

சூ லான் அவனை நோக்கி நடந்தாள். வலது முட்டியைச் சற்று விறைப்பாக ஊன்றி ஊன்றி. அவள் முகம் கிருத்திகாவின் முகமாக இருந்தது.

"அம்மா" என்றான் ஆதவன். "அது நம்ம முகிலன் அண்ணன்."

கிருத்திகாவின் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கக் காலையில் வந்து போகும் முகிலன். நாற்பதைத் தாண்டாதவன். இந்த வீட்டில் காபி குடிப்பவன், ஆதவனோடு கிரிக்கெட் பேசுபவன். கணவர் போன பிறகு கிருத்திகாவைக் கைப்பிடித்து நடக்க வைத்தவன்.

அவளுக்கு விரல்கள் விறைத்துவிட்டன. நாடிப்பிடியை விட முடியவில்லை. அவள் நெஞ்சு அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, திரையில் மழை வலுத்தது. பாலத்தில் அந்த இருவரும் கைகோத்துக்கொண்டார்கள்.

"கையை எடுங்கம்மா!" ஆதவன் எழுந்து நின்று கத்தினான். "இந்த வயசுல உங்களுக்கு இது என்ன ஆசை? அசிங்கமா இல்லீங்ளா? நாலு பேருக்குத் தெரிஞ்சா நான் எப்பிடி வெளிய தல காட்டறது? அம்பது தாண்டின பொம்பளைக்கு..."

நிறுத்திக்கொண்டான். கொஞ்சம் தாமதமாக.

"எனக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்குது, இல்லியா ஆதவா?" என்று கேட்டாள் யாழினி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"ஐயோ, அது வேற யாழினி, இது வேற!"

"எது வேற?"

கிருத்திகா ஒவ்வொரு விரலாகப் பிரித்து நாடிப்பிடியை மேசையில் வைத்தாள். திரை சாம்பல் நிறமாகி நின்றது.

"நான் ஆருகிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்லடா. அந்தத் தம்பிக்கே தெரியாது. மனசுக்குள்ள இருந்துச்சு, அப்பிடியே என்னோட போயிருக்கும்" என்றாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

யாழினி எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

அணைக்கும் பொத்தான் நாடிப்பிடியின் அடியில் இருந்தது. ஆதவன் கோலைப் பாய்ந்து எடுத்தான். கட்டைவிரல் பொத்தானைத் தேடுவதற்குள் உள்ளங்கை அதை மூடிவிட்டது. சுவர் உயிர் பெற்றது. மழை நின்று வெயில் அடித்தது. பாலத்தில் முகிலன் இல்லை. நின்றவன் ஆதவன்.

அவனுக்குப் போன உயிர் திரும்பியது. பொத்தானை அழுத்தவில்லை.

"பாரு! யாழினி, இங்க பாரு! என் மனசுல என்ன இருக்குதுன்னு நீயே பாத்துக்கோ!"

மறுமுனையிலிருந்து யாழினி வந்தாள். அதே கண்ணாடி. காதோரம் அதே நரைக்கீற்று. சிரித்தால் கண்ணோரம் விழும் அதே மூன்று கோடுகள். சோபாவில் இருந்த யாழினி தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாலத்து யாழினி நெருங்கினாள். நரைக்கீற்று கறுத்தது. இன்னும் நெருங்கினாள். கண்ணோரக் கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கழுத்துத் தோல் இறுகியது, கன்னம் பளபளத்தது. அவன் எதிரில் வந்து நின்றபோது அவளுக்கு இருபத்தைந்துகூட இருக்காது.

வேறு பெண் அல்ல. யாழினியேதான். ஆனால் அந்த யாழினியை ஆதவன் பார்த்ததே இல்லை. அவள் அப்படி இருந்த நாளில் அவன் பள்ளிக்கூடத்துப் பையன்.

"இது நான் கேக்கல" என்றான் ஆதவன். "சத்தியமா நான் கேக்கல. மிஷின் தப்புப் பண்ணுது."

"எங்கம்மாவைக் கல்யாணப் போட்டோவுல பாத்த மாதிரி இருக்குது" என்றாள் யாழினி. "நல்லாத்தான் இருந்திருக்கேன்."

அவன் கட்டைவிரல் பொத்தானுக்கு நகர்ந்தது.

"அணைக்காத. கல்யாணம் நடக்கட்டும்."

கிருத்திகா முந்தானையை விலக்கினாள். சுவரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு யாழினியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிணி, எனக்குச் சம்மதம். முழு மனசோட சொல்றேன். அவன் ஏதோ புத்தி கெட்டுப் பேசிட்டான். நீ போயிடாத."

"உங்க சம்மதத்துக்குத்தான் இத்தனை நாளும் காத்துக்கிட்டு இருக்கறோம்னு நெனச்சேனுங்கக்கா" என்றாள் யாழினி மென்மையாக. "ஆதவனோட சம்மதம்தான் இன்னும் கெடைக்கல."

யாழினி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவு சாத்தும் ஓசை கேட்டது. ஆதவன் நாடிப்பிடியை இறுகப் பிடித்தபடியே நின்றான்.

சுவரில் மேளம் முழங்கியது. அந்த இளம்பெண் தலை குனிய, அவன் தாலி கட்டினான். இயந்திரம் அவன் நாடியில் எந்த மறுப்பையும் காணவில்லை.