அசையக்கூடாது

ஓக் மரத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. அதில் கட்டியிருந்த வேட்டைப் பரணை, போன குளிர்காலத்தில் லைல் தன் கையாலேயே கழற்றி இறக்கியிருந்தான். ஆணி, கொக்கி, வார் எதையும் அவன் விட்டு வைக்கவில்லை. ஆனாலும் தலைக்கு மேலே எங்கோ, கனமான எதையோ தாங்கிய வார் மரப்பட்டையில் உராய்வதுபோல, மெதுவாக ஒரு கிரீச்.

காற்று இல்லை. மரத்தடியில் அவன் ஒளிந்திருந்த கூடாரத்தின் துணிகூட அசையவில்லை.

மடக்கு நாற்காலியில் வில்லை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவன் அந்தச் சத்தம் மறுபடி வருகிறதா என்று காத்திருந்தான். ஈர இலையின் மணமும், சதுப்பிலிருந்து எழும் கறுத்த சேற்று வாடையும் சின்ன ஜன்னல் வழியே உள்ளே வந்தன. சதுப்புக்கு அந்தப் பக்கம், இலையுதிர்ந்த மேப்பிள் மரத்துப் பரணில், தம்பி மனைவி கரீன் ஒரு சாம்பல் புள்ளியாகத் தெரிந்தாள். சென்ற ஆண்டு இதே நாட்களில், கடாமான்கள் பெண்மான் தேடி அலையும் பருவத்தில், அந்தப் பரணில் உட்கார்ந்திருந்தவன் லைல். இந்த ஓக் மரத்தில் இருந்தவன் தம்பி நெல்ஸ்.

எங்கே, எப்படி உட்காருவது என்பதை மதியம் கரீனின் சமையலறையில்தான் முடிவு செய்தார்கள். மானை நடந்தே தேடலாம் என்று லைல் சொல்லிப் பார்த்தான். அவள் சூப்புக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இந்தக் காஞ்ச இலையில நீ நடந்தா மிச்சிகன் வரைக்கும் கேக்கும், லைல். உங்கம்மா மான் பெக்கலை, மாடு பெத்தா."

பிறகு அவளே இடங்களைப் பிரித்துக் கொடுத்தாள். மேற்குக் காற்றுக்கு ஓக் மரத்தடிதான் சரியான இடம். இப்போதெல்லாம் அவன் மரம் ஏறுவதில்லை, அதனால் அவன் தரையில், கூடாரத்துக்குள். அவள் மேலே. நெல்ஸ் கடைசியாக உட்கார்ந்த இடத்தைப் பார்த்தபடி ஒரு சாயங்காலமாவது இருக்க வேண்டும் என்றாள். வில் வேட்டை மட்டும் அவளுக்குப் புதிது, அதனால் விதிகளை மட்டும் சொல்லிக் கொடுத்தான்.

"கடா முனகுற மாதிரி ஊதல் சத்தம் கேட்டா நான் கடாவைக் கூப்பிடுறேன்னு அர்த்தம். என்ன ஆனாலும் அசையாத. வெளிச்சம் போற வரைக்கும் எறங்காத."

வண்டியை நிறுத்தியபோது அவள் கதவைத் திறக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு நெஜமாவே உனக்கு ஒன்னும் கேக்கலையா?"

"காத்து அந்தப் பக்கமா அடிச்சுது."

"சரி," என்று அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீ சொன்னா சரி."

அந்தத் தட்டலின் சூடு இன்னும் கையில் இருந்தது.

அன்று அவனுக்குக் கேட்டிருந்தது. முதலில் தொப்பென்று ஒரு சத்தம். மான் விழுந்தது என்று நினைத்தான். அம்பு பட்ட மானைத் துரத்தினால் அது எழுந்து ஓடிவிடும், அதனால் யாரும் உடனே இறங்குவதில்லை. அவனும் இறங்கவில்லை. அதன்பின் ஊதல். கடா முனகுவதுபோல அடித்தொண்டையில் ஒரு முனகல். நெல்ஸ் இரண்டாவது கடாவையும் கூப்பிடுகிறான் என்று நினைத்து எரிச்சல்பட்டான். எப்போதும் நல்ல மரம் தம்பிக்குத்தான். முனகல் மறுபடி வந்தது. மறுபடி. எந்த வேட்டைக்காரனும் அப்படி இடைவெளி விடாமல் ஊதமாட்டான். அது லைலுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். இவன் மானையெல்லாம் விரட்டப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை அசையாமல் இருந்தான்.

நெல்ஸ் பரணிலிருந்து சறுக்கி, பாதுகாப்பு வாரில் தொங்கிக்கொண்டிருந்தான். அப்படித் தொங்கினால் வார் நெஞ்சை இறுக்கும், கத்துவதற்கு மூச்சு வராது என்று அப்புறம் மருத்துவர் சொன்னார். ஊதுவதற்கு மட்டும் கொஞ்சம் வரும் என்பதை லைல் யாரிடமும் சொல்லவில்லை. கறுப்பு டேப் சுற்றிய அந்த ஊதலைக் கரீன் சவப்பெட்டியில் நெல்ஸின் சட்டைப் பைக்குள் வைத்தபோது, லைல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிரீச்.

இப்போது நேர் மேலே. கூடவே ஒரு வாசனை. நெல்ஸ் எப்போதும் உதட்டுக்குள் அடக்கி வைத்திருக்கும் பச்சிலைப் புகையிலை.

வெளியே வெளிச்சம் செம்பு நிறமாகி, பிறகு சாம்பலாகிக்கொண்டிருந்தது. சதுப்பில் ஒரு பறவை கூவலைப் பாதியில் நிறுத்தியது. அணில்களின் சலசலப்பும் நின்றது. அந்த மௌனத்தில், கூடாரத் துணிக்கு அப்பால், ஒரு முனகல்.

கடா. கடாவாகத்தான் இருக்கும்.

மறுபடி முனகல். இடைவெளி குறைந்தது. மறுபடி.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இப்போதே வெளியே போய், சதுப்பின் கரையில் நின்று, கரீன், எனக்குக் கேட்டுச்சு என்று கத்திவிடலாம். அவள் அடிக்கட்டும். காறித் துப்பட்டும். இத்தனை மாதங்களில் முதல்முறையாக அதற்கு அவன் தயாராக இருந்தான். வில்லைக் கீழே வைத்தான். எழப் பார்த்தான்.

எழ முடியவில்லை.

தொடைகளைச் சுற்றி ஏதோ இறுகியது. தோளில். நெஞ்சில். தடவிப் பார்த்தான். சட்டைதான் இருந்தது. வார் எதுவும் இல்லை. ஆனாலும் இறுகியது. அவன் விழவில்லை, நாற்காலி மட்டும் பின்னால் சாய்ந்து விழுந்தது.

தொப்பென்று.

வாயைத் திறந்தான். மூச்சு உள்ளே வரவில்லை. கரீன். பெயர் உதட்டோடு நின்றது. கை நெஞ்சில் துழாவி, கழுத்தில் தொங்கிய ஊதலைப் பிடித்தது. அவனுடைய ஊதல் வழவழப்பானது. விரலில் டேப் ஒட்டியது. டேப்புக்கு மேலே பல் பதிந்த தடம்.

ஊதினான்.

மறுகரையில் சாம்பல் புள்ளி நிமிர்ந்தது. கேட்டுவிட்டது. அவன் ஊதினான். மறுபடி. மறுபடி. உள்ளே இருப்பவன் மானின் கண்ணில் படாமல் இருக்கத் தைத்த கூடாரம். அவள் கண்ணிலும் அவன் படமாட்டான். சின்ன ஜன்னல் வழியே அவனுக்குத்தான் அவள் தெரிந்தாள். ஓக் மரத்தடியைப் பார்த்து அவள் தலையாட்டினாள். புரிந்தது என்று கையை உயர்த்தினாள்.

பிறகு, சொல்லிக் கொடுத்தபடியே, அசையாமல் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் போக இன்னும் நேரம் இருந்தது. கூடாரத்துக்குள், ஈர இலைகளுக்கு ஒரு சாண் மேலே, லைலின் பூட்ஸ்கள் மெதுவாக ஒரு பக்கமாகத் திரும்பின. நின்றன. மறு பக்கமாகத் திரும்பின.