காலை மாத்திரை

ஏழு மணிக்கே ஹம்னா விழுங்கியிருக்க வேண்டிய மாத்திரை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னல் திரைக்குப் பின்னால் கிடந்தது.

“போட்டாச்சு உம்மா. டாக்டரம்மாவ விட மோசமா கேள்வி கேக்குத நீ” என்று காலையில் சிரித்தாளே.

சுல்தான் பீவி அசையாமல் நின்றாள். மலைக்காற்றின் ஈர வாசனை. தகரத்தின் மேல் சாரல் விழும் சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தம் கிடையாது. காலிங் பெல் வயரை எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தாள். குக்கர் வைப்பதில்லை.

போன சீசனில் மூத்தவள் சஃப்ரின் குற்றாலத்தில் அருவிக்கடியில் சுருண்டு விழுந்தபோது, வலிப்பு என்றார்கள். யாரோ நீட்டிய சாவிக்கொத்தை மகளின் கைக்குள் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவள் சுல்தான் பீவிதான். சஃப்ரின் கண் திறக்கவேயில்லை.

பிறகு சின்னவள் ஹம்னாவின் ஈசிஜியைப் பார்த்த டாக்டர் சொன்னார். “அது வலிப்பு இல்லம்மா. இதயம் திடீர்னு தாறுமாறாத் துடிச்சு நின்னுரும். இவளுக்கும் அதே கோளாறு இருக்கு. குளிர்ந்த தண்ணி, திடுக்கிடுற சத்தம், ரெண்டும் ஆகாது. மாத்திரை ஒருநாள்கூடத் தப்பக் கூடாது. விழுந்தா நெஞ்ச அழுத்துங்க.”

அடுக்களையில் மூடிவைத்த காலைச் சாப்பாடும் அப்படியே இருந்தது. இன்று ஆஷுரா, முஹர்ரம் பத்தாம் நாள் நோன்பு. லாத்தா சஃப்ரினுக்காக நோன்பு வைக்கிறேன் என்றவளை, வேண்டாம் என்று தடுத்திருந்தாள். திருட்டு நோன்பு. ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்கியிருக்காது.

தெருவில் ஒரு லாரி ஹாரன் அலறியது.

உள்ளறைக்கு ஓடினாள். தொழுகைப் பாயில் ஹம்னா, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கூப்பிட வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். தூங்குகிறவளைச் சத்தம் போட்டு எழுப்பினால்?

குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. தூங்குகிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த குறட்டைக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

புரட்டினாள். கண்கள் திறந்திருந்தன.

108-இல் பேசியவனிடம் விலாசம் சொன்னாள். குரல் தாழ்ந்தே வந்தது. “சைரன் போடாம வாங்க தம்பி. புள்ள திடுக்கிட்டுரும்.”

“நெஞ்ச அழுத்துங்கம்மா. நிறுத்தாதீங்க.”

அழுத்தினாள். கைக்கடியில் எலும்பு ஏதோ நெரிந்தது. மறுபடி. மறுபடி. ஹம்னாவின் கால்விரல்கள் அசைந்தன.

உயிர்.

கையை எடுத்தாள். கால்விரல்கள் நின்றன.

அழுத்தினாள். அசைந்தன.