கதவு திறந்துடுச்சு!

"நாலு சனிக்கிழமையா இஸ்திரி போட்ட சட்டையோட எங்கடி போறான் என் பையன்? உன் வாய்க்குப் பயந்துதான் ஓடுறான்!"

மாமியாரின் குரல் சமையலறை வரை துரத்தி வந்தது. அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் அவளுக்கு ஒரே பட்டம்... வாயாடி! லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்குப் பேச்சு திக்கும். அவனைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று, போனிலும் கடையிலும் உறவினர் வீட்டிலும் அவளே முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

"முன்னாடி கொஞ்சம்தான் திக்கினான். நீ வந்து வாயையே பூட்டிட்டே! இப்ப வெளியில எவகிட்ட பேசுறானோ..."

ஈரக் கையைக்கூடத் துடைக்காமல், தெருவில் இறங்கிய கணவன் பின்னாலேயே அவளும் கிளம்பிவிட்டாள்.

அவன் நுழைந்தது நூலகத்தின் மாடி அறைக்குள். கதவிடுக்கில் பார்த்தவள் உறைந்துபோனாள். வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் அவள் கணவன்... கதை சொல்லிக்கொண்டிருந்தான்! அவனா? இத்தனை பேர் முன்னாலா?

"லிஃப்டுல மா... மாட்டிக்கிட்டவர், 'எவ்ளோ நேரம் ஆகும்?'னு கத்துறாரு. நான் 'அ... அ... அஞ்சு நிமிஷம்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள, க... க... க..."

"கதவு திறந்துடுச்சு!" என்றாள் அவள், பழக்கதோஷத்தில்.

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"அ... அக்கா," என்றாள் தையல்காரப் பெண் ஒருத்தி. "நாங்க எல்லாருமே தி... திக்குறவங்க. இங்க யாரும் வா... வார்த்தை எடுத்துக் குடுக்க மாட்டோம். காத்திருப்போம்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அப்போ... அத்தை சொன்னது நிஜமா? உங்க வாயை நான்தான் பூட்டினேனா?"

"நீ இல்ல. ப... பயம். ஊரு சிரிச்சப்போ நீ முன்னால நி... நின்னே. ஏச்செல்லாம் உனக்கு."

"இங்க வர்றதை ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொல்ல ஆ... ஆரம்பிச்சா, நீயே முடிச்சுடுவியே!"

அறையே வெடித்துச் சிரித்தது. அழுதுகொண்டே அவளும் சிரித்தாள்.

வீட்டு வாசலில் மாமியார் காத்திருந்தாள். "வந்துட்டியா வாயாடி? அங்கயும் போய் அவன் மானத்தை..."

"அம்மா! இ... இனிமே இவள வா... வா..."

அவன் கண்கள் இறுகின. கழுத்து நரம்பு புடைத்தது. பதறிப்போய் மாமியார் வாயைத் திறக்க, அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை... இருங்க. அவரே சொல்வார்."

தன் நுனி நாக்கில் துடித்த சொல்லையும் அவள் விழுங்கிக்கொண்டாள்.

"...வா... வாயாடின்னு கூப்பிடாதம்மா. இத்தனை வருஷமும் எ... எனக்காகத்தான் பேசினா. ஒரு நா... நாள்கூட அதை உங்கிட்ட சொல்லிக் காட்டல."

மாமியார் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்ளோ நீளமா இவன் பேசி நான் கேட்டதே இல்லையேடி..." என்று மருமகளின் கையை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினாள். "என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி!"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல்கூட வரவில்லை.

யாரும் அவசரப்படுத்தவில்லை. மாமியாரும் மகனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.