பின் இருக்கை

பின் இருக்கையின் வார் மறுபடியும் தளர்ந்திருந்தது.

மெக்கானிக் ஏணியில் நின்றபடி அதையே பார்த்தாள். ராணுவத்தில் புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த பழைய விமானம் அது. முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர், ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு கட்டுப்பாட்டுக் கோல்கள். பின்னால் ஆளில்லாமல் பறக்கும்போது வார் அவிழ்ந்து கோலில் சிக்கிவிடக் கூடாதென்று, வெற்று இருக்கையோடு சேர்த்து அதை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். சாப்பிடப் போகுமுன் அவள்தான் முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டினாள். இப்போது பூட்டிய வார் பூட்டியபடியே, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு விரிந்திருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். தகரக் கொட்டகையின் வெக்கையில் தொட்டதெல்லாம் சுட, அந்த இடைவெளி மட்டும் ஈரத்துணிபோல் குளிர்ந்து கிடந்தது. பெட்ரோல் நெடியையும் மீறி யாருடையதோ வியர்வை வாடை அடித்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, வேறு கொக்கி மாட்டி மறுபடி கட்டினாள்.

விமானத்தை ஓட்டப்போகும் தம்பி தலைக்கவசத்தோடு வந்தான். கூடப்பிறந்தவன், அவளுக்கென்று மிஞ்சியிருப்பவன் அவன் ஒருத்தன்தான்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"இன்னிக்கு வேண்டாம்டா."

"ஏன், ஏதாவது கோளாறா?"

என்ன சொல்வாள்? ஒவ்வொரு திருகாணியையும் அவளே தொட்டுச் சரிபார்த்திருந்தாள். வாடை அடிக்கிறது என்று விமானத்தை நிறுத்த எந்த விதியில் இடமிருக்கிறது?

பாதுகாப்பு ஆய்வாளர் எட்டிப்பார்த்தார். "கோலோட கம்பி மாத்தின பிறகு முதல் தடவை மேல போகுது. பைலட் மட்டும்தான் போகணும். பின்னாடி யாருமில்லையே?"

"இல்ல சார்," என்றாள்.

விமானம் எழுந்தது. வானொலிக் கருவியைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதை ஓரத்தில் நின்றாள். என்ஜின் சத்தத்தினூடே தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, கோல் கனக்குது."

"எறங்குடா. உடனே எறங்கு."

"யாரோ எதிர்ப்பக்கம் இழுக்கிறாங்க."

"விட்டுடாத. கெட்டியாப் பிடி. என் கண்ணு இல்ல, விட்டுடாதடா!"

இரைச்சல். பிறகு, சின்னப் பிள்ளையில் அடிக்குப் பயந்து பேசுவானே, அந்தக் குரல்.

"சரி சார்."

அவள் கருவியில் அலறினாள்.

விமானம் தாழ்வாக வந்தது. தலைக்கு மேலே. மூடியில்லாத பின் இருக்கை காலி. முன்னால் தம்பி.

ஆசிரியர் கோலை வாங்கிக்கொண்டால், நான் தொடவில்லை என்று மாணவர் கைகளைத் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லாப் பைலட்டுக்கும் முதல் பாடம்.

தம்பி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான்.

"கையை எறக்குடா! பிடிடா!"

விமானம் சற்றும் ஆடாமல், கைதேர்ந்த ஒருவர் ஓட்டுவதுபோல், மெல்லச் சரிந்து கடல் பக்கம் திரும்பியது. கண்ணுக்கு எட்டியவரை அந்தக் கைகள் இறங்கவே இல்லை.